படத்தின் பின்பக்கம்



காட்டுவிலங்குகளைப் படமெடுத்தவர்கள், மக்கள்பணியைப் படமெடுத்தவர்கள், நகரத்தின் அன்றாடத்தைப் படமெடுத்தவர்கள் என மூன்று வகையினரைப் பற்றி ஒரே மாலையில் பேச ஒப்புக்கொண்டிருக்கிறேன். யானைக்காக முதுமலையில் காத்துக்கிடந்தவருக்கும், பாதாளச் சாக்கடையில் இறங்கியவரின் வீட்டு வாசலில் நின்றவருக்கும் என்ன உறவு என்று அமைப்பாளர் ஒருவர் கேட்டார். கேட்க வேண்டிய கேள்விதான். இந்த மூன்று துறையிலும் நான் மதிக்கும் ஆட்கள் எல்லாரும் தாங்கள் எடுத்த படத்தைச் சாட்சியமாக நினைத்தவர்கள். சாட்சி சொல்ல வந்தவரை வெறுமனே அனுப்பிவிடமாட்டார்கள். யார், எங்கே, எந்த நாள், உனக்கெப்படித் தெரியும் என்று கேட்பார்கள். அந்தக் கேள்விகளுக்குப் பதில் படத்தின் முன்பக்கத்தில் இருக்காது. பின்பக்கத்தில் யாராவது எழுதிவைத்திருந்தால்தான் உண்டு. நான் நெடுங்காலம் பத்திரிகைகளின் படப்பிரிவில் வேலை பார்த்தவன். படம் கைக்கு வந்ததும் முதலில் திருப்பிப் பார்ப்பதுதான் பழக்கம். இன்றைக்கும் அதைத்தான் செய்யப்போகிறேன்.

மா. கிருஷ்ணனிடமிருந்து தொடங்குகிறேன். 1912இல் திருநெல்வேலியில் பிறந்தவர். 'பத்மாவதி சரித்திரம்' எழுதிய அ. மாதவையாவின் கடைசிப் பிள்ளை. சென்னை மாநிலக் கல்லூரியில் தாவரவியல் படித்தார், பிறகு சட்டமும் படித்தார். 1940களில் பெல்லாரிப் பக்கத்துச் சண்டூர் சமஸ்தானத்தில் பள்ளி ஆசிரியர், நீதிபதி, மன்னரின் செயலாளர் என்று பல வேலைகள் பார்த்தார். சமஸ்தானம் போன பிறகு சென்னைக்குத் திரும்பியவர் வேறு உத்தியோகம் தேடிக்கொள்ளவில்லை. எழுத்து, படம், ஓவியம் இவைதான் பிழைப்பு. கல்கத்தாவின் 'ஸ்டேட்ஸ்மன்' நாளிதழில் 1950இல் 'கன்ட்ரி நோட்புக்' என்ற பத்தியைத் தொடங்கினார். அது 46 ஆண்டுகள் வந்தது. 1996 பிப்ரவரி 18, ஞாயிற்றுக்கிழமை, அவர் மறைந்தார். அன்றைய இதழிலும் அவருடைய பத்தி அச்சாகியிருந்தது.

கிருஷ்ணன் கடைசிவரை கறுப்பு வெள்ளையில்தான் எடுத்தார். வண்ணப்படச்சுருள் கடைக்குக் கடை கிடைத்த காலத்திலும் அவர் மாறவில்லை. வெவ்வேறு கேமராக்களின் பாகங்களைச் சேர்த்துத் தன் தேவைக்கென ஒரு கருவியை அமைத்துக்கொண்டு, அதற்கு 'சூப்பர் பாண்டரோசா' என்று பெயரும் வைத்திருந்தார். பழக்கப்பட்ட யானையின் முதுகிலிருந்தும், சில சமயம் தரையில் நடந்தும் காட்டு யானைகளை நெருங்கினார். இன்றைய கேமராவின் வசதி ஒன்றுகூட அதில் இல்லை. தானாகக் குவியம் பிடிக்கும் லென்ஸ் கிடையாது. நொடிக்கு இருபது படம் கிடையாது. சுருளில் இருக்கும் சில படங்களுக்குள் யானை காதை விரிப்பதும் தும்பிக்கையைத் தூக்குவதும் எப்போது நடக்கும் என்று முன்கூட்டியே தெரிந்திருக்க வேண்டும். அந்தத் தெரிதல் கேமராவிலிருந்து வராது. விலங்கோடு பல ஆண்டுகள் கழித்தவருக்கே வரும்.

அவர் படங்களைக் கவனித்துப் பாருங்கள். விலங்கு மட்டும் பிடுங்கி நட்டதுபோல நிற்காது. மூங்கில் இருக்கும், புல்லின் உயரம் தெரியும், மரத்தில் உரசிய சேற்றுத் தடம் தெரியும். ஆண்டின் எந்தப் பருவம் என்று தாவரம் தெரிந்தவர் ஊகித்துவிடலாம். தாவரவியல் படித்த கை அது. இப்போது பரிசு வாங்கும் படங்களில் பெரும்பாலானவற்றில் பின்புலம் முழுக்கக் கரைந்து, புலியின் முகம் மட்டும் மீசைமயிர்வரை துல்லியமாகத் தெரிகிறது. அழகுதான், மறுக்கவில்லை. ஆனால் அந்தப் புலி ரந்தம்போரில் இருக்கிறதா, உயிரியல் பூங்காவில் இருக்கிறதா என்று படம் சொல்லவில்லை. காட்டை அழித்துவிட்டு விலங்கைக் காட்டும் படத்தைக் காட்டுயிர்ப் படம் என்று சொல்ல எனக்கு மனம் வருவதில்லை.

1968இல் கிருஷ்ணனுக்கு ஜவாஹர்லால் நேரு ஆய்வுநல்கை கிடைத்தது. தென்னிந்தியத் தீபகற்பத்தின் பெரிய பாலூட்டிகள் எந்த நிலையில் இருக்கின்றன என்று நேரில் போய்ப் பார்த்து எழுதினார். பம்பாய் இயற்கை வரலாற்றுக் கழகம் அதை 1975இல் நூலாக வெளியிட்டது. 1959 முதல் 1970 வரையிலான இந்தியக் காட்டுயிர்களின் நிலையைச் சொல்லும் நூல் அது. அதிலுள்ள படங்கள் அலங்காரத்துக்காகச் சேர்த்தவை அல்ல. எழுத்தும் படமும் ஒன்றையொன்று தாங்கி நிற்கின்றன. காட்டெருதைப் பற்றியோ செந்நாயைப் பற்றியோ அவர் எழுதும்போது, அது அவர் கண்ணால் பார்த்ததாக இருக்கும். கேள்விப்பட்டதைச் சொன்னால் கேள்விப்பட்டது என்றே சொல்வார். காட்டைப் பற்றிய கதைகளும் பீற்றல்களும் மலிந்த நாட்டில் இந்த ஒழுக்கம் எவ்வளவு பெரிய கொடை என்று நினைத்துப் பாருங்கள்.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். கிருஷ்ணனின் காடு செக்போஸ்ட்டில் தொடங்கவில்லை. காக்கை, அணில், பல்லி, தேரை, தெருவில் மேயும் ஆடு எல்லாம் அவர் பத்தியில் யானைக்குச் சமமான மரியாதையோடு வந்தன. சென்னையில் வீட்டுக் கூரையடியில் கூடுகட்டும் குருவியைப் பார்க்கவும் அவருக்கு நேரமிருந்தது. தமிழிலும் எழுதினார். அந்தக் கட்டுரைகளைத் தேடியெடுத்துத் தொகுத்து சு. தியடோர் பாஸ்கரன் 'மழைக்காலமும் குயிலோசையும்' என்ற நூலாக ஆக்கிக் கொடுத்தார். இங்கே இருக்கும் மாணவர்கள் இந்த வாரமே அதை நூலகத்தில் எடுத்துப் படியுங்கள். விலங்கைப் பற்றித் தமிழில் எப்படி எழுதலாம் என்பதற்கு அதைவிட நல்ல பாடப்புத்தகம் எனக்குத் தெரியாது.

கிருஷ்ணன் காலத்துப் பறவைப் படங்களில் பெரும்பகுதி கூட்டில் எடுத்தவை. மறைப்புக்கூடாரம் கட்டி உள்ளே உட்கார்ந்து, குஞ்சுக்கு இரை கொண்டுவரும் தாயை எடுப்பது அன்றைய முறை. தஞ்சாவூரில் பிறந்து பெங்களூரில் வாழ்ந்த டி.என்.ஏ. பெருமாள் போன்ற ஆசான்கள் அந்தக் கலையில் உலகப் புகழ் பெற்றார்கள். அன்றைய லென்சுக்குப் பறவையை நெருங்க வேறு வழி குறைவு. ஆனால் படம் தெளிவாக விழுவதற்காகக் கூட்டை மறைக்கும் கிளையை வளைத்துக் கட்டுவதும் வெட்டுவதும் பரவியபோது, கூடு வெயிலுக்கும் காக்கைக்கும் திறந்துபோயிற்று. இன்று பல போட்டிகளில் கூட்டுப் படத்தை வாங்குவதே இல்லை. இந்தக் கண்டிப்பு சரியானது, இன்னும் கூடலாம்.

எங்கே எடுத்தது என்பதை எழுதிவைக்க வேண்டும் என்று சொல்லும் நானே, அதை எல்லாருக்கும் சொல்லாதீர்கள் என்றும் சொல்கிறேன். ஆந்தை எந்தப் பொந்தில் இருக்கிறது என்று இணையத்தில் போட்டால் மறுநாள் அங்கே ஐம்பது கேமரா நிற்கும். ஆப்பிரிக்கச் சரணாலயங்கள் சிலவற்றில் காண்டாமிருகத்தின் படத்தோடு இடக்குறியைப் பதிவிட வேண்டாம் என்று பயணிகளைக் கேட்டுக்கொள்கிறார்கள். கொம்புக்காகக் கொல்பவர்களும் அதே படத்தைத்தான் பார்க்கிறார்கள். இடம் நோட்டில் இருக்கட்டும். வனத்துறைக்கும் ஆய்வாளருக்கும் தெரியட்டும். அதற்குமேல் தேவையில்லை.

காட்டில் சாட்சியம் என்ற எண்ணம் கிருஷ்ணனுக்கும் முந்தையது. ஐக்கிய மாகாணங்களில் வனத்துறை அதிகாரியாக இருந்த எஃப். டபிள்யூ. சாம்பியன் 1920களில் புலி நடக்கும் தடத்தில் கம்பியைக் கட்டி, புலியின் கால் பட்டதும் தானே படமெடுக்கும் ஏற்பாட்டைச் செய்தார். துப்பாக்கியைத் தூக்கிக்கொண்டு திரிந்த கூட்டத்துக்கு நடுவே கேமராவைத் தூக்கியவர். ஒரு புலியின் வரி இன்னொன்றுக்கு இருக்காது, வரியைப் பார்த்து ஆளடையாளம் சொல்லலாம் என்பதை அவர் படங்கள் காட்டின. பின்னாளில் நாகரஹொளேயில் உல்லாஸ் காரந்த் அதே அடையாளத்தைக் கொண்டு புலிகளை எண்ணும் முறையை அறிவியலாக்கினார். 2018ஆம் ஆண்டு தேசியக் கணக்கெடுப்பில் தானியங்கிக் கேமராக்கள் 26,838 இடங்களில் வைக்கப்பட்டன. கிடைத்த படங்கள் 3.48 கோடி. அவற்றில் புலி இருந்தவை 76,651. ஒவ்வொரு படத்திலும் நாளும் நேரமும் தானாகப் பதிந்திருக்கின்றன. மூன்றரைக் கோடிப் படத்தில் ஒன்றுகூட எந்த மனிதரும் கண் வைத்து எடுத்ததல்ல. ஆனாலும் நாட்டின் புலிக் கொள்கை அவற்றின் மேல் நிற்கிறது.

இனி மக்கள்பணி. இந்தப் பகுதியில் நான் முதலில் சொல்ல விரும்புவது புகழ்பெற்ற படம் எதையும் பற்றி அல்ல. ஓர் அட்டையைப் பற்றி.

1970களின் முற்பகுதியில் இந்தியாவில் பெரியம்மையை ஒழிக்கும் வேலை உச்சத்தில் இருந்தது. 1974இல் பீகாரில் நோய் காட்டுத்தீயாகப் பரவியது. ஊரெல்லாம் தடுப்பூசி போட்டு முடிப்பதைவிட, நோயாளி எங்கே இருக்கிறார் என்று கண்டுபிடித்து அவரைச் சுற்றியிருப்பவர்களுக்கு உடனே ஊசி போடுவதுதான் பலன் தரும் என்று அனுபவம் கற்றுத் தந்திருந்தது. கண்டுபிடிப்பது எப்படி? வீடுவீடாகப் போய்க் கேட்க வேண்டும். அம்மை என்று சொன்னால் எந்த அம்மை? அதற்காக உலக சுகாதார நிறுவனம் கையடக்கமான ஒரு படஅட்டையை அச்சிட்டுக் கொடுத்தது. உடம்பெல்லாம் கொப்புளம் எழும்பிய ஒரு குழந்தையின் படம். பெரியம்மைக் கொப்புளம் முகத்திலும் கையிலும் காலிலும் அடர்ந்திருக்கும், உள்ளங்கை உள்ளங்காலிலும் வரும். சின்னம்மையில் மார்பும் வயிறும்தான் அதிகம். படத்தைப் பார்த்தால் எழுதப் படிக்கத் தெரியாதவருக்கும் இந்த வித்தியாசம் விளங்கிவிடும். பணியாளர் வாசலில் நின்று அட்டையை நீட்டி, இதுபோல யாரையாவது பார்த்தீர்களா என்று கேட்பார். சந்தையில் கேட்பார், பள்ளிக்கூடத்துப் பிள்ளைகளிடம் கேட்பார். பிள்ளைகள்தான் ஊரில் யார் வீட்டில் யார் படுத்திருக்கிறார்கள் என்று சரியாகச் சொன்னார்களாம். தகவல் தருபவருக்குப் பரிசுத்தொகையும் உண்டு. நோய் அருகிவர அருகிவர அந்தத் தொகை ஏறி 1975இல் 1000 ரூபாய் ஆயிற்று.

1975 மே மாதம் அசாமின் கரீம்கஞ்சில் கண்ட நோயாளியோடு இந்தியாவில் பெரியம்மை முடிந்தது. 1980 மே 8 அன்று உலகமே அதிலிருந்து விடுபட்டதாக அறிவித்தார்கள். இந்த வெற்றியில் ஊசிக்கு எவ்வளவு பங்கோ, கால் தேய நடந்த பணியாளர்களுக்கு எவ்வளவு பங்கோ, அவர்கள் கையிலிருந்த அந்தப் புகைப்படத்துக்கும் ஒரு பங்கு உண்டு. எந்தக் கண்காட்சியிலும் அது மாட்டப்பட்டிருக்காது. எடுத்தவருக்கு விருது கிடைத்திருக்காது. ஒரு புகைப்படம் இதைவிடப் பெரிய வேலையைச் செய்ததாக எனக்குத் தெரியவில்லை.

அதே இயக்கத்தை வேறொரு கோணத்திலிருந்து எடுத்தவர் மைசூரின் டி.எஸ். சத்யன். 1923இல் பிறந்தவர், ஆர்.கே. நாராயணின் நண்பர். 1948இல் பெங்களூரில் 'டெக்கன் ஹெரால்டு' நாளிதழில் சேர்ந்து, பிறகு பம்பாய் 'இல்லஸ்ட்ரேட்டட் வீக்லி'க்குப் போய், விரைவிலேயே தனியாக இயங்கத் தொடங்கினார். 'லைஃப்' இதழில் அவர் படங்கள் வந்தன. உலக சுகாதார நிறுவனத்துக்காகப் பெரியம்மை ஒழிப்புப் பணியைப் படமெடுத்தார், யுனிசெஃப்புக்காகக் குழந்தைகளை எடுத்தார். 1979 உலகக் குழந்தைகள் ஆண்டில் அந்தக் குழந்தைப் படங்கள் நியூயார்க்கில் ஐக்கிய நாடுகள் சபைத் தலைமையகத்தில் கண்காட்சியாக வைக்கப்பட்டன.

அரசுத் திட்டத்தைப் படமெடுக்கப் போகிறவர்களுக்கு ஒரு பெரிய ஆபத்து உண்டு. அமைச்சர் ரிப்பன் வெட்டுவார், மருத்துவர் ஊசியைத் தூக்கிப் பிடிப்பார், வரிசையில் நிற்கும் மக்கள் கேமராவைப் பார்ப்பார்கள். படம் கோப்பில் சேர்ந்துவிடும். சத்யன் இந்தக் கோப்புப் படத்தை எடுக்கப் பிறந்தவர் அல்ல. அவரிடம் மனிதர்கள் அதிகாரியின் பார்வைக்காக நிற்பதில்லை, தங்கள் வேலையில் இருக்கிறார்கள். பள்ளிக்கூடமோ மருந்தகமோ வீட்டுத் திண்ணையோ, குழந்தை குழந்தையாகவே இருக்கிறது. அவரைப் போன்றவர்கள் எடுத்திராவிட்டால் பெரியம்மை ஒழிப்பு என்பது இன்று நமக்கு வெறும் புள்ளிவிவரமாகத்தான் மிஞ்சியிருக்கும்.

மக்கள்பணி என்றால் மருத்துவர், ஆசிரியர், ஆட்சியர் என்றே நினைத்துப் பழகிவிட்டோம். நகரத்தைத் துடைப்பவரும் மக்கள்பணிதான் செய்கிறார். பம்பாயில் பத்திரிகைப் படக்காரராக இருந்த சுதாரக் ஓல்வே, அந்த மாநகராட்சியின் துப்புரவுத் தொழிலாளர்களைப் பல ஆண்டுகள் தொடர்ந்து படமெடுத்தார். குப்பைமேட்டில் மட்டும் அல்ல, அவர்கள் குடியிருப்பிலும். 2016இல் அவருக்குப் பத்மஸ்ரீ கொடுத்தார்கள். விருது படமெடுத்தவருக்கு வந்துசேர்ந்தது. படத்தில் இருந்தவர்களுக்குக் கையுறையும் காலணியும் வந்துசேர்ந்தனவா என்று கேட்பதுதான் அந்தப் படங்களுக்கு நாம் செய்யும் மரியாதை.

நம்மூரில் இந்த வேலையைச் செய்துகொண்டிருப்பவர் மு. பழனிக்குமார். மதுரை மாவட்டம் வாடிப்பட்டிப் பக்கத்துக்காரர். அவர் அம்மா மீன் விற்று வீட்டை நடத்தியவர். கடன் வாங்கித்தான் முதல் கேமராவை வாங்கினார். மனிதக் கழிவை மனிதர் அள்ளுவதைப் பற்றி திவ்யபாரதி இயக்கிய 'கக்கூஸ்' ஆவணப்படத்தில் ஒளிப்பதிவாளராக வேலை செய்தது அவரைத் திருப்பியது. அதற்குப் பிறகு அந்தத் தொழிலாளர்களை விட்டு அவர் விலகவில்லை. பாரி என்னும் கிராமப்புற இந்தியா பற்றிய இணையக் களஞ்சியத்தில் அவர் படங்கள் வருகின்றன. 2022இல் தயானிதா சிங் - பாரி ஆவணப் புகைப்பட விருது முதன்முதலாக அவருக்குத்தான் கொடுக்கப்பட்டது.

மனிதக் கழிவை மனிதர் அள்ளுவதைத் தடைசெய்யும் சட்டம் 2013இல் வந்தது. மலக்குழியிலோ சாக்கடையிலோ இறந்தவர் குடும்பத்துக்கு 10 லட்சம் ரூபாய் தர வேண்டும் என்று உச்ச நீதிமன்றம் 2014இல் தீர்ப்பளித்தது. 2023 அக்டோபரில் அதை 30 லட்சமாக உயர்த்தியது. சட்டம் இருக்கிறது, தீர்ப்பு இருக்கிறது, சாவு நிற்கவில்லை. நாளிதழில் இரண்டு பத்தி வரும்: விஷவாயு தாக்கி இருவர் பலி. அந்த இரண்டு பத்திக்குப் பின்னால் என்ன நடக்கிறது என்பதைப் பழனிக்குமாரின் படங்கள் காட்டுகின்றன. பிணவறை வாசல். கையெழுத்து வாங்கிக்கொண்டு போகச் சொல்லும் அவசரம். ஒன்றும் புரியாமல் கூட்டத்தைப் பார்க்கும் சின்னப் பிள்ளை. படத்தோடு பெயர் இருக்கும். மனைவியின் பெயர், பிள்ளைகளின் வயது, எந்தத் தெரு. இறந்தவரைத் 'தொழிலாளி' என்ற ஒரே சொல்லில் புதைத்துவிடாமல் பெயர்சொல்லி நிறுத்துகிறார். அவர் திரும்பத் திரும்ப அந்த வீடுகளுக்குப் போவதால்தான் அது முடிகிறது. சாவு நடந்த அன்று மட்டும் போய்வருபவருக்கு அந்தப் பிள்ளை தன் பெயரைச் சொல்லாது.

அவர் எடுத்த படங்களில் என்னை அதிக நேரம் நிறுத்தியவை அவருடைய அம்மாவின் படங்கள். ஊர் தூங்கும்போதே எழுந்து கரிமேட்டு மீன்சந்தைக்குப் போகும் பெண். இருட்டு, ஈரத் தரை, விளக்கொளியில் பளபளக்கும் மீன். அந்த அம்மா மகனுடைய கேமராவைக் கண்டுகொள்வதே இல்லை, அவருக்கு வியாபாரம் முக்கியம். உழைப்பாளியைப் பரிதாபமாகவோ தெய்வமாகவோ காட்டுவதுதான் நமக்குப் பழக்கம். இந்தப் படங்களில் இரண்டும் இல்லை. சரக்கின் தரம் பார்க்கத் தெரிந்த ஒரு வியாபாரி இருக்கிறார்.

நகரத்துக்கு வருகிறேன். பம்பாய் ஜே.ஜே. கலைப்பள்ளியில் படித்துக்கொண்டிருந்த ஹோமாய் வியாரவல்லா என்ற பார்சிப் பெண் 1930களின் இறுதியில் தன் தோழிகளையும் தெருக்களையும் எடுத்தார். பெண்கள் சங்கத்தின் சிற்றுலாவை எடுத்த படங்களை 'பாம்பே கிரானிக்கிள்' வாங்கியது, படத்துக்கு ஒரு ரூபாய். தொடக்கத்தில் அவர் படங்கள் பல கணவர் மானெக்‌ஷாவின் பெயரில் வந்தன. 1942இல் டெல்லிக்குப் போய், விடுதலையும் பிரிவினையும் நேருவும் மவுண்ட்பேட்டனும் என்று அந்தக் காலத்தையே எடுத்துவைத்தார். இந்தியாவின் முதல் பெண் பத்திரிகைப் புகைப்படக்காரர் என்ற பெருமை அவருக்கு உண்டு. 2011இல் பத்மவிபூஷண், 2012 ஜனவரியில் மறைவு. தலைவர்களின் படங்களால்தான் அவரை நினைக்கிறோம். நான் அவருடைய பழைய பம்பாய்ப் படங்களை அதற்கு மேலே வைப்பேன். படித்துக்கொண்டும் வேலை பார்த்துக்கொண்டும் சிரித்துக்கொண்டும் இருந்த அந்த இளம்பெண்களின் நகரத்தை ஒரு பெண் எடுக்காவிட்டால் வேறு யாரும் எடுத்திருக்க மாட்டார்கள். நேருவை எடுக்க நூறு பேர் இருந்தார்கள்.

ரகுபீர் சிங் வேறு மாதிரி. 1942இல் ஜெய்ப்பூரில் பிறந்து 1999இல் நியூயார்க்கில் இறந்தவர். கலைப்படம் என்றால் கறுப்பு வெள்ளை என்று உலகம் நம்பிய நாளில் வண்ணத்தில்தான் எடுப்பேன் என்று நின்றார். கல்கத்தா, காசி, பம்பாய் என்று நகரங்களுக்குத் தனித்தனி நூல்கள் செய்தார். தமிழ்நாட்டுக்கும் ஒரு நூல் உண்டு. அவர் சட்டகத்தில் ஒரே சமயத்தில் நான்கைந்து கதைகள் நடக்கும். முன்னால் ஒரு தோள், நடுவில் கண்ணாடியில் விழுந்த தெரு, ஓரத்தில் ஒரு நாய். நம் கடைத்தெருவில் நடந்தவருக்கு அது குழப்பமாகத் தெரியாது, நம் கண் தினமும் அப்படித்தான் பார்க்கிறது. கிருஷ்ணன் கறுப்பு வெள்ளையை விடாததும் ரகுபீர் வண்ணத்தை விடாததும் எனக்கு ஒரே பிடிவாதமாகத்தான் படுகிறது. எதை எடுக்கிறோமோ அதற்கு எது உண்மையோ அதை வைத்துக்கொள்வது.

சென்னையில் இப்போது நடக்கும் ஒரு வேலை எனக்குப் பெரும் நம்பிக்கை தருகிறது. பழனிக்குமார் வியாசர்பாடி உள்ளிட்ட வடசென்னைப் பகுதிகளில் பிள்ளைகள் கையில் கேமராவைக் கொடுத்துக் கற்றுத் தருகிறார். வடசென்னை என்றால் சினிமாவுக்கு அரிவாள், செய்தித்தாளுக்குக் குற்றம், ஆய்வறிக்கைக்குச் சாம்பலும் புகையும். அங்கேயே வளரும் பெண்பிள்ளை எடுக்கும்போது பாட்டியின் கைகளும், குழாயடி வரிசையும், மொட்டைமாடியில் படிக்கும் அக்காவும் வருகிறார்கள். அனல்மின் நிலையத்துப் புகைபோக்கியும் வருகிறது, ஆனால் அது பின்னால் நிற்கிறது. வெளியிலிருந்து போகும் எவருக்கும் அந்த வரிசைக்கிரமம் கைவராது.

இத்தனை பேர் எடுத்ததெல்லாம் என்ன ஆகிறது என்பதைச் சொல்லாமல் முடிக்க முடியாது.

பழைய நெகட்டிவில் வெள்ளி இருக்கிறது. அதனாலேயே தமிழ்நாட்டில் எவ்வளவோ நெகட்டிவ்கள் அழிந்தன. எக்ஸ்ரே ஃபிலிமோடு சேர்த்து எடைபோட்டு வாங்கிப்போய், கரைசலில் ஊறவைத்தும் எரித்தும் வெள்ளி பிரித்தார்கள். அதற்கு முந்தைய கண்ணாடித் தகடுகளுக்கு இன்னொரு கதி. மேலே இருந்த படலத்தைச் சுரண்டிக் கழுவிவிட்டால் சுத்தமான கண்ணாடி கிடைக்கும், சாமி படத்துக்குச் சட்டம் போட உதவும். நான் வேலை பார்த்த ஒரு பத்திரிகை அலுவலகம் இடம் மாறியபோது, பல ஆண்டுகளின் நெகட்டிவ்களைக் கோணிப்பையில் கட்டிப் பழைய பேப்பர் வண்டியில் ஏற்றினார்கள். தேர்தல்கள், புயல்கள், மாநாடுகள், சந்தைகள், தெருக்கூத்துகள். எடுத்தவர்களில் சிலர் அப்போது உயிரோடு இருந்தார்கள், அவர்களைக் கூப்பிட்டு ஒரு வார்த்தை கேட்கவில்லை. அந்த வருத்தம் எனக்கு ஆறவே இல்லை.

பத்திரமாக வைத்திருந்தாலும் ஃபிலிம் தானே கெடும். பெட்டியைத் திறந்ததும் காடி நாற்றம் அடித்தால் அசிடேட் சிதையத் தொடங்கிவிட்டது என்று பொருள். நம் ஊர்ச் சூடும் ஈரமும் அதை வேகப்படுத்தும். பாண்டிச்சேரி பிரெஞ்சு நிறுவனம் 1950களிலிருந்து கோயில்களையும் சிற்பங்களையும் எடுத்துச் சேர்த்துவைத்த ஒன்றரை லட்சத்துக்கும் மேற்பட்ட படங்கள் இன்று சிலைத் திருட்டு வழக்குகளில் ஆதாரமாக நிற்கின்றன. எந்தக் கோயில், எந்த ஆண்டு என்று அன்றைக்கே எழுதிவைத்ததால் அந்தப் படங்களுக்கு அந்த வலிமை. அதே நிறுவனத்தார் தமிழ்நாட்டின் பழைய ஸ்டூடியோக்களைத் தேடிப்போய் அங்கிருந்த குடும்பப் படங்களை எண்மமாக்கும் பணியையும் செய்தார்கள். செய்ய வேண்டிய அளவோடு பார்த்தால் அது தொடக்கம்தான்.

கைபேசி வந்த பிறகு கவலையில்லை என்று நினைக்க வேண்டாம். கைபேசி தேதியையும் நேரத்தையும் படத்துக்குள் தானாக எழுதுகிறது, உண்மைதான். அந்தப் படத்தை வாட்ஸப்பில் அனுப்பிய நிமிடமே அந்தத் தகவலெல்லாம் உதிர்ந்துவிடுகிறது. போய்ச் சேர்வது பெயரில்லாத, ஊரில்லாத, நாளில்லாத படம். ஒவ்வோர் ஐப்பசி கார்த்திகையிலும் 2015 வெள்ளத்தில் எடுத்த படங்கள் இன்றைக்கு எடுத்ததுபோலச் சுற்றி வருகின்றன. பார்ப்பவர் பதறுகிறார், உண்மையிலேயே இன்று தண்ணீரில் நிற்பவரை நம்ப மறுக்கிறார். சாட்சியின் பெயரைக் கிழித்தெடுத்த பிறகு அவரை யார் வேண்டுமானாலும் எந்த வழக்கிலும் நிறுத்தலாம்.

இந்த அவையிடம் எனக்குக் கேட்க இருப்பது சின்னது. வீட்டில் இருக்கும் பழைய படங்களின் பின்பக்கத்தில் பென்சிலால் எழுதுங்கள். பால்பாயிண்ட் பேனா வேண்டாம், அழுத்தினால் முன்பக்கம் தடம் விழும், மை ஊறும். மென்மையான பென்சில், விளிம்போரமாக: யார், எந்த ஊர், எந்த ஆண்டு, யார் எடுத்தது. எடுத்தவர் பெயரைத்தான் எல்லாரும் விட்டுவிடுகிறார்கள். ஸ்டூடியோவின் முத்திரை இருந்தால் அதை அப்படியே விடுங்கள். ஆல்பத்தில் பசை போட்டு ஒட்டாதீர்கள்.

இந்தச் சொற்பொழிவை நடத்தும் அறக்கட்டளையாருக்கு ஒரு விண்ணப்பம். இந்த ஊரில் மூடிக்கிடக்கும் ஸ்டூடியோக்கள் சில எனக்குத் தெரியும். அவற்றை நடத்தியவர்கள் எழுபது எண்பது வயதில் இருக்கிறார்கள். பரணில் நெகட்டிவ் பெட்டி இருக்கிறது, அதில் இருப்பவர்களின் பெயர் அவர்கள் நினைவில் மட்டும்தான் இருக்கிறது. அடுத்த ஆண்டு இந்தச் சொற்பொழிவுக்கு ஆகும் செலவில் ஒரு பகுதியைக் கொண்டு, வரலாற்றுத் துறை மாணவர்கள் பத்துப் பேரை அந்த வீடுகளுக்கு அனுப்புங்கள். பெட்டியைக் கீழே இறக்க வேண்டாம், எதையும் வாங்கி வர வேண்டாம். பெரியவரோடு உட்கார்ந்து, ஒவ்வொரு உறையாகப் பார்த்து, அவர் சொல்லச் சொல்ல எழுதிக்கொண்டு வரட்டும். நூலகர் அம்மா முன்வரிசையில் இருக்கிறார். பதிவேட்டுக்கு ஓர் அலமாரி ஒதுக்க அவர் ஒப்புக்கொண்டால், முகவரிகளை நான் இன்றைக்கே தந்துவிட்டுப் போகிறேன்.